ஒரு பைப் கொதிக்கிறது, ஒரு பைப் ஆறிக் கிடக்கிறது: நீலகிரி ஏறும் இரட்டைச் சிலிண்டர் வண்டிக்குப் பிழை நீக்கும் வழிமுறை

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர். இந்த 1,900 மீட்டர் ஏற்றத்தையும் மோட்டார் சைக்கிள் ஏறத்தாழ 50 கிலோமீட்டருக்குள் ஏறி முடிக்கிறது. ஊட்டியில் காற்றழுத்தம் மேட்டுப்பாளையத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சமவெளியில் ஒளிந்துகொண்டிருந்த சின்னக் கோளாறெல்லாம் இந்த ஏற்றத்தில் வெளியே வந்துவிடும். அது வந்தவுடன் "மலைக்காற்று ஒத்துக்கல" என்று சொல்லி விட்டுவிடுவது பலருடைய வழக்கம்.

ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. உயரம் இரண்டு சிலிண்டரையும் ஒன்றுபோலத்தான் பாதிக்கும். மெல்லிய காற்றோ குளிரோ பங்க்கில் போட்ட பெட்ரோலோ இடது, வலது என்று பார்க்காது. ஒரு பக்கம் மட்டும் வேறு மாதிரி நடந்துகொண்டால் குற்றவாளி மலை அல்ல, அந்தப் பக்கத்துப் பாகம் ஏதோ ஒன்று. இரண்டு பக்கமும் சேர்ந்து மாறினால்தான் உயரம், பெட்ரோல், ஏர் ஃபில்டர், சென்சார் என்று இரண்டுக்கும் பொதுவானவற்றைத் தேட வேண்டும்.

சூடாக இருக்கும் பக்கம்தான் கோளாறான பக்கம் என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். பல வண்டிகளில் கோளாறு குளிர்ந்த பக்கத்தில் இருக்கிறது. அது வேலை செய்யாததால் மற்றது இரண்டு பேர் சுமையை ஒற்றையாகத் தூக்கிக்கொண்டு கொதிக்கிறது. நல்ல சிலிண்டரைப் பிரித்துப் போட்டுப் பணத்தைக் கரைப்பது இங்கேதான் தொடங்குகிறது.

எந்தப் பக்கம் என்று முதலில் உறுதி செய்யுங்கள்

வண்டி இரவு முழுவதும் நின்று ஆறியிருக்க வேண்டும். நடு ஸ்டாண்டில், சமதரையில் நிறுத்துங்கள். ஸ்டார்ட் செய்து ஐட்லிங்கில் ஓடவிட்டு, 30 முதல் 60 விநாடிக்குள் இரண்டு பெண்ட் பைப்பிலும் (சிலிண்டரிலிருந்து சைலன்சருக்குப் புகை போகும் வளைந்த குழாய்), சிலிண்டர் ஹெட்டிலிருந்து நான்கைந்து சென்டிமீட்டர் தள்ளி, ஸ்ப்ரே பாட்டிலால் இரண்டு துளி தண்ணீர் அடியுங்கள். எரிகிற சிலிண்டரின் பைப்பில் தண்ணீர் 'சுர்' என்று ஆவியாகும். எரியாத சிலிண்டரின் பைப்பில் அப்படியே வழியும். கையால் தொட்டுப் பார்க்கவே கூடாது. ஒரு நிமிடம் ஓடினாலே தோல் உரிந்துவிடும்.

இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் பளபளக்கும் குரோம் பைப்பில் அது பொய் சொல்லும். பளபளப்பான பரப்பு உள்ளே இருக்கும் வெப்பத்தைச் சரியாக வெளிவிடாததால் உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும். வெப்பம் தாங்கும் கறுப்புப் பெயின்ட்டில் இரண்டு பைப்பிலும் ஒரே இடத்தில் ஒரு பொட்டு வைத்து அந்தப் பொட்டில் அளவெடுங்கள். சில வண்டிகளின் பெண்ட் பைப் இரட்டைச் சுவர் கொண்டது. அதில் வெளிச்சுவர் மெதுவாகத்தான் சூடேறும். அப்படிப்பட்ட வண்டியில் மூன்று நிமிடம் காத்திருந்து அளக்கவும். எண் எவ்வளவு என்பதைவிட இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். 20, 30 டிகிரி செல்சியஸ் வித்தியாசத்துக்குக் கவலை வேண்டாம். காற்று ஒரு பக்கமாக அடித்தாலே அவ்வளவு வரும். 50 டிகிரிக்கு மேல் போனால் தேடத் தொடங்கலாம். ஒரு பக்கம் 200-ஐத் தாண்டியும் மறுபக்கம் 100-ஐத் தொடவில்லை என்றால் அந்த இரண்டாவது சிலிண்டர் எரியவே இல்லை.

இரண்டாவது கேள்வி, எப்போது வருகிறது? குளிர்ந்த எஞ்சினிலேயே வருகிறதா, குன்னூர் போகும் வழியில் பர்லியாறு தாண்டி எஞ்சின் நன்றாகச் சூடான பிறகா? ஏறும்போதா, இறங்கும்போதா? வெடிச்சத்தம் பின்னால் சைலன்சரிலா, முன்னால் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள்ளா? இதைக் குறித்துக்கொள்ளாமல் மெக்கானிக்கிடம் போனால் அவரும் இருட்டில்தான் தேட வேண்டியிருக்கும்.

அறிகுறி: ஒரு பைப் குளிர்ச்சி, வண்டி உதறுகிறது, இழுவை பாதியாகிவிட்டது

சிலிண்டர் எரிய நெருப்புப்பொறி, பெட்ரோல், அழுத்தம் மூன்றும் வேண்டும். இதே வரிசையில் பாருங்கள். முதல் இரண்டையும் பாகத்தைப் பக்கம் மாற்றிப் போட்டே கண்டுபிடித்துவிடலாம். இரட்டைச் சிலிண்டர் வண்டியில் இருக்கும் பெரிய வசதி இது. நல்ல பாகம் ஒன்று பக்கத்திலேயே தயாராக இருக்கிறது.

எஞ்சின் ஆறிய பிறகு இரண்டு பிளக்கையும் கழற்றுங்கள். அலுமினிய ஹெட்டில் சூட்டோடு கழற்றினால் மரை போய்விடும். கழற்றும்முன் பிளக் குழியில் காற்றடித்துச் சுத்தம் செய்யாவிட்டால் மண் உள்ளே விழும். குளிர்ந்த பக்கத்துப் பிளக் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பெட்ரோல் நனைந்து வாசம் அடித்தால் பெட்ரோல் வருகிறது, பொறி இல்லை. காய்ந்து சுத்தமாக இருந்தால் பெட்ரோலே வரவில்லை. எண்ணெய் பூசி வழவழப்பாக இருந்தால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு கைடு தேய்ந்திருக்கிறது. காய்ந்த கரி கறுப்பாகப் படிந்திருந்தால் பெட்ரோல் கூடிய கலவை.

இடது பிளக்கை வலதிலும் வலதை இடதிலும் போடுங்கள். கோளாறும் பக்கம் மாறினால் பிளக்தான். மாறாவிட்டால் பிளக் கேப்பையும், பொறிக்கு மின்சாரம் தரும் காயிலையும் இதே மாதிரி மாற்றிப் பாருங்கள். ரெசிஸ்டர் வைத்த கேப்பை மல்டிமீட்டரில் அளந்தால் பெரும்பாலும் 5 கிலோ ஓம் சுற்றிக் காட்டும். முடிவிலி காட்டினால் உள்ளே அறுந்துவிட்டது. மரை முறுக்கும் கேப் என்றால் வயர் நுனியில் 5 மில்லிமீட்டர் வெட்டிவிட்டுப் புதிதாக முறுக்குங்கள். பச்சை பிடித்த செம்புக் கம்பிக்கு இந்த வைத்தியமே போதும்.

நீலகிரியில் இன்னொரு காரணத்தைத் தவறாமல் பார்க்க வேண்டும், ஈரம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர், பைக்காரா பக்கம் மழை விடாது. ஊட்டியிலும் குன்னூரிலும் பனிமூட்டம் இறங்கினால் வண்டி முழுக்க நனைந்து நிற்கும். ஹெட்டில் பிளக் உட்கார்ந்திருக்கும் குழியில் தண்ணீர் வெளியேற ஒரு சின்னத் துளை இருக்கும். மண்ணும் கிரீசும் சேர்ந்து அது அடைபட்டால் குழியில் தண்ணீர் தேங்கி, பொறி பிளக் நுனிக்குப் போகாமல் ஓரமாக ஹெட்டுக்கே பாய்ந்துவிடும். மெல்லிய கம்பியால் துளையைக் குத்திவிட்டு, கேப்பின் உள்பக்கம் துடைத்து, ரப்பர் உதட்டில் டைஎலக்ட்ரிக் கிரீஸ் லேசாகத் தடவுங்கள். இருட்டில் வண்டியை ஓடவிட்டுப் பார்த்தால் கசியும் பொறி நீலமாகத் தெரியும். விருந்தினர் விடுதி வாசலில் ஹோஸ் பைப்பால் அடித்துக் கழுவிய மறுநாள் ஒரு சிலிண்டர் நின்றுபோனால் முதலில் பார்க்க வேண்டிய இடமும் இந்தக் குழிதான்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடி, அரை மணி நேர ஏற்றத்தில் ஒரு சிலிண்டர் நின்று, கால் மணி நேரம் நிறுத்தினால் மறுபடி உயிர் பெற்றால் காயில் மேல் சந்தேகம் வைக்கவும். உள்ளே மயிரிழை விரிசல் விட்ட சுற்று சூட்டில் விரிந்து பிரிந்துகொள்கிறது. இதை ஆறிய பிறகு அளந்தால் எல்லாம் சரியாகவே காட்டும். நின்ற நிமிடத்திலேயே, சூட்டோடு அளக்க வேண்டும். இதே கதை இரண்டு சிலிண்டரும் ஒன்றாக நின்றுபோனால் எஞ்சின் சுழற்சியைப் படிக்கும் கிராங்க் சென்சாரைப் பாருங்கள், தனித்தனிக் காயில்களை அல்ல.

பொறி பார்க்கும்போது பிளக்கை அந்தரத்தில் தொங்கவிட்டு செல்ஃப் அடிக்காதீர்கள். பிளக்கின் உடல் எஞ்சின் உலோகத்தில் உறுதியாகப் பட்டிருக்க வேண்டும். போகும் வழியில்லாத மின்னழுத்தம் காயிலையும், வண்டியின் மின்னணு மூளையான கன்ட்ரோல் யூனிட்டையும் எரித்துவிடும். திறந்த பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும், பொறியை அதன் அருகே காட்டக் கூடாது.

பொறி நன்றாக இருந்தால் அடுத்தது பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர். நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜெக்டர் மேல் வைத்துப் பிடியில் காதை வைத்தால் 'டிக் டிக்' என்று சீராகக் கேட்க வேண்டும். ஒரு பக்கம் கேட்டு ஒரு பக்கம் கேட்காவிட்டால் கனெக்டரைக் கழற்றி ஓம் அளவை இரண்டிலும் ஒப்பிடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் 12 ஓம் அருகில் இருக்கும். இரண்டும் ஒரே அளவு காட்டியும் ஒன்று துடிக்கவில்லை என்றால் வயரிங் அறுந்திருக்கிறது. ஸ்டீரிங் திரும்பும் கழுத்துப் பகுதியிலும் டேங்க்கின் அடியிலும் வயர் தேய்ந்து கிடக்கிறதா என்று தேடுங்கள்.

கடைசியாக அழுத்தம். இரண்டு பிளக்கையும் கழற்றி, ஃப்யூவல் பம்ப் கனெக்டரை எடுத்துவிட்டு, பிளக் துளையில் அழுத்தம் அளக்கும் கேஜை மாட்டி, ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்து வைத்து, கேஜ் ஏறுவது நிற்கும் வரை செல்ஃப் அடியுங்கள். ஊட்டியில் எடுக்கும் அளவு கையேட்டில் உள்ள எண்ணைத் தொடாது. சமவெளியில் 150 பிஎஸ்ஐ காட்டும் எஞ்சின் இங்கே 120 அருகில்தான் காட்டும். உள்ளே இழுக்கும் காற்றே மெல்லிசு. இது தெரியாமல் ஊட்டியில் அளந்துவிட்டு ரிங் போய்விட்டது என்று எஞ்சினைப் பிரிப்பது வீண் செலவு. இடதையும் வலதையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் 15 சதவீதத்துக்கு மேல் இருந்தால் குறைந்த பக்கத்தில் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் ஊற்றி மறுபடி அளங்கள். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. கம்ப்ரசர் வைத்திருக்கும் பஞ்சர் கடை அருகில் இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரிந்துகொள்ளலாம். பிஸ்டனை அழுத்தம் கொடுக்கும் சுற்றின் உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியாகக் காற்றைச் செலுத்துங்கள். சைலன்சரில் 'உஸ்' என்று வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு, காற்று உள்ளே போகும் த்ராட்டில் பாடியில் வந்தால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் மூடியில் வந்தால் ரிங். காற்று பிஸ்டனைத் தள்ளி கிராங்க்கைச் சுழற்றும், கையையும் ஸ்பேனரையும் தள்ளி வைக்கவும்.

பிளக்கைத் திரும்பப் போடும்போது கையாலேயே முழுதாக முறுக்கிவிட்டு, புதுப் பிளக் என்றால் ஸ்பேனரால் அரைச் சுற்று, பழையது என்றால் எட்டில் ஒரு சுற்று. அதற்கு மேல் இறுக்க வேண்டாம்.

ஒரு சிலிண்டர் எரியாத வண்டியை "மெதுவாப் போயிடலாம்" என்று ஊர் வரை ஓட்டிப் போவது மிகப் பெரிய தவறு. எரியாத பெட்ரோல் நேராகப் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. பெண்ட் பைப் குளிர்ந்திருக்கும், அந்த கன்வெர்ட்டர் பெட்டி செந்தணலாக இருக்கும். காய்ந்த புல் மேல் நிறுத்தினால் தீப்பிடிக்கும். மீதிப் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு எஞ்சின் ஆயிலில் கலக்கும். அருகில் உள்ள ஊர் வரை கட்டாயம் போக வேண்டும் என்றால், நின்றுபோன சிலிண்டரின் இன்ஜெக்டர் கனெக்டரை மட்டும் கழற்றிவிடுங்கள். எச்சரிக்கை விளக்கு எரியும், பரவாயில்லை. பெட்ரோல் நிற்கிறது, கேட்டலிட்டிக் தப்பிக்கிறது.

அறிகுறி: இரண்டும் எரிகின்றன, ஆனால் ஒன்று மட்டும் அதிகச் சூடு

பைப் ஒரு பக்கம் மட்டும் நீலம் பாய்ந்திருக்கும். பிளக் நுனி சுண்ணாம்பு வெள்ளையாக இருக்கும். காற்று கூடிய கலவை, மெக்கானிக்குகள் லீன் என்பது இதைத்தான்.

முதல் இடம் த்ராட்டில் பாடிக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள ரப்பர் மேனிஃபோல்ட். மேலே பார்த்தால் நல்லதாகத் தெரியும், வளைத்துப் பார்த்தால் அடியில் வெடிப்பு இருக்கும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த முதல் இரண்டு நிமிடத்துக்குள் ரப்பரைச் சுற்றித் தண்ணீரை மெல்லிய தூவலாக அடியுங்கள். ஐட்லிங் சத்தம் மாறினால் அங்கே காற்று புகுகிறது. கார்ப்பரேட்டர் கிளீனர் அடித்துப் பார்க்கும் பழக்கமும் உண்டு. அது பற்றிக்கொள்ளும் திரவம், சூடான பைப் பக்கத்தில் அது வேண்டாம்.

இரண்டாவது இடம் அதைவிடச் சின்னது. இரண்டு த்ராட்டில் பாடியையும் சமன் செய்ய வேக்கம் கேஜ் (எஞ்சின் உறிஞ்சும் விசையை அளக்கும் கருவி) மாட்டும் குழல் முனை ஒவ்வொரு பக்கமும் இருக்கும். அதன் மேல் ரப்பர் மூடி. சர்வீஸில் கேஜ் மாட்டிவிட்டு மூடியைப் போட மறந்திருக்கலாம், போட்ட மூடி வெயிலில் வெடித்திருக்கலாம். விலை சில ரூபாய்தான். இதனால் சூடாகிப் போன எக்ஸாஸ்ட் வால்வு மாற்ற ஆகும் செலவோடு ஒப்பிட்டால் எப்போதும் இரண்டு மூடி கைவசம் வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

மூன்றாவது, சமன் கெட்டிருப்பது. ஒரு பக்கம் அதிகக் காற்றும் மறுபக்கம் குறைந்த காற்றும் போனால் ஐட்லிங்கில் கைப்பிடி அதிரும், வேகத்தில் சரியாகிவிடும். வேக்கம் கேஜ் இல்லாவிட்டால் 4 மீட்டர் தெளிவான பிளாஸ்டிக் குழாயை 'யு' வடிவில் பலகையில் கட்டி, அடியில் டூ ஸ்ட்ரோக் ஆயில் ஊற்றி, இரு நுனிகளையும் அந்த இரண்டு முனைகளில் மாட்டுங்கள். எண்ணெய் ஏறும் பக்கத்தில் வேக்கம் அதிகம். சமன் செய்யும் ஸ்க்ரூவை மட்டும் கால் சுற்றாகத் திருப்பி இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். த்ராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூவில் பெயின்ட் சீல் இருந்தால் அதைத் தொடவே கூடாது. எண்ணெய் வேகமாக ஏறினால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். தவறி உள்ளே போனாலும் டூ ஸ்ட்ரோக் ஆயில் கொஞ்சம் புகைந்து எரிந்துவிடும். தண்ணீர் ஊற்றிச் செய்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை.

நான்காவதுதான் பணம் தின்பது, இறுகிப்போன டேப்பெட், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி போய்விடுவது. எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடம் தேயத் தேய வால்வு மேலே ஏறி, இடைவெளி குறைந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தில் சூட்டில் வால்வு முழுதாக மூடாது. எரியும் வாயு அந்த இடுக்கு வழியாகப் பீய்ச்சி வால்வையே தின்றுவிடும். வால்வு தன் சூட்டை இறக்கி வைப்பது ஹெட்டில் உட்கார்ந்திருக்கும் அந்த நொடியில்தான். உட்காராத வால்வு ஆறவே ஆறாது. 'டிக் டிக்' என்று சத்தம் போடும் டேப்பெட்டைப் பற்றிப் பதறுகிறவர்கள், சத்தமே அடங்கிப்போன டேப்பெட்டைப் பற்றிப் பதற வேண்டும். இரவு முழுவதும் ஆறிய எஞ்சினில், அழுத்தச் சுற்றின் உச்சியில் பிஸ்டனை நிறுத்தி, கையேட்டில் உள்ள அளவு ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். லேசான பிடிப்போடு வழுக்க வேண்டும். 270 டிகிரி கிராங்க் உள்ள வண்டிகளில், இந்தியச் சாலையில் அதிகம் காணும் 648 சிசி இரட்டைச் சிலிண்டர் உட்பட, இரண்டு பிஸ்டனும் ஒன்றாக உச்சிக்கு வராது. இடதுக்குத் தனியாக, வலதுக்குத் தனியாகக் குறி பார்த்துத் திருப்ப வேண்டும். ஒரே நிலையில் நிறுத்தி இரண்டையும் அளந்தால் ஒன்று நிச்சயம் தப்பாகும்.

அறிகுறி: இறக்கத்தில் சைலன்சரில் படபடவென வெடி

ஊட்டியிலிருந்து குன்னூர், அங்கிருந்து பர்லியாறு என்று ஆக்சிலேட்டரை விட்டு இரண்டாவது கியரில் இறங்கும்போது பட்டாசு வெடிப்பது போலக் கேட்கும். ஆக்சிலேட்டர் மூடியிருக்க, சக்கரம் எஞ்சினை இழுத்துச் சுற்றுகிறது. உள்ளே போகும் சொற்பக் கலவை சரியாக எரியாமல் பைப்புக்குள் தள்ளப்படுகிறது. அங்கே வெளிக்காற்று புகுந்தால், சூட்டில் பற்றி வெடிக்கிறது. ஆகவே தேட வேண்டியது அந்தக் காற்று புகும் ஓட்டையை.

பெண்ட் பைப் ஹெட்டில் சேரும் இடத்து பேக்கிங்கில்தான் பெரும்பாலும் இருக்கும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, கெட்டியான கையுறையும் மடித்த கனத்த துணியும் கொண்டு சைலன்சர் வாயை மூன்று நான்கு விநாடி அடையுங்கள். இரட்டைச் சைலன்சர் என்றால் இரண்டையும் சேர்த்து, இன்னொருவர் உதவியோடு. ஓட்டை இல்லாவிட்டால் எஞ்சின் திணறி நிற்கப் பார்க்கும். ஓட்டை இருந்தால் தொடர்ந்து ஓடும், 'சிக் சிக்' என்று கசியும் சத்தம் வரும். கறுப்புக் கரி விசிறி போலப் படிந்திருக்கும் இடமே சாட்சி.

பேக்கிங் ஒருமுறை நசுங்கினால் மறுபடி பிடிக்காது, புதிது போடுங்கள். நட்டுகளை எஞ்சின் ஆறிய பிறகு, ஒன்றை முழுதாக இறுக்காமல் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக, கையேட்டு டார்க் அளவுக்கு. சூட்டில் பலம் கொடுத்தால் ஸ்டட் ஹெட்டோடு முறியும். முறிந்த ஸ்டட்டை எடுக்க லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும். அதன்பின் பெண்ட் பைப் சைலன்சரில் நுழையும் கிளாம்ப், ஆக்சிஜன் சென்சாரின் மரை இரண்டையும் பாருங்கள். சென்சார் பக்கத்தில் காற்று புகுந்தால் கேடு இரட்டிப்பு. கன்ட்ரோல் யூனிட் காற்று கூடிவிட்டது என்று நம்பிப் பெட்ரோலைக் கூட்டும், வெடி இன்னும் பெரிதாகும்.

புகையைச் சுத்திகரிக்க ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து எக்ஸாஸ்ட்டுக்குக் காற்று அனுப்பும் வால்வு பல வண்டிகளில் உண்டு. ஆக்சிலேட்டர் மூடும்போது அது அடைபட வேண்டும். அதன் ரப்பர் குழாயைச் சோதனைக்காக மட்டும் இடுக்கியால் அழுத்தி ஓர் இறக்கம் இறங்கிப் பாருங்கள். வெடி நின்றால் வால்வு பழுது, அதை மாற்றுங்கள். குழாயை நிரந்தரமாக அடைத்துவிடுவது தீர்வல்ல.

வெளிச்சந்தைச் சைலன்சர் மாட்டிய வண்டியில் மெல்லிய பொரிச்சத்தம் வரத்தான் செய்யும். அதைத் துரத்த வேண்டாம். ஆனால் அசல் சைலன்சரோடு உள்ள இன்ஜெக்ஷன் வண்டி இறக்கத்தில் பலமாக வெடிக்கக் கூடாது. ஆக்சிலேட்டர் முழுதாக மூடியதும் அதில் பெட்ரோலே நிறுத்தப்படுகிறது. வெடித்தால் காற்று புகுகிறது, அல்லது ஓர் இன்ஜெக்டர் மூடாமல் ஒழுகுகிறது.

பெட்ரோல் மிச்சமாகும் என்று சாவியை அணைத்து இறக்கத்தில் உருட்டாதீர்கள். கார்ப்பரேட்டர் வண்டி அணைந்த நிலையிலும் பெட்ரோலை உறிஞ்சிச் சைலன்சரை நிரப்பும். சாவியைப் போட்டதும் ஒரே வெடியில் உள்தகடு கிழியும். எஞ்சின் பிரேக்கும் இல்லாமல், எல்லாச் சுமையும் டிஸ்க்கின் மேல். இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லி மலைச்சாலையில் வைத்திருக்கும் பலகைகளுக்குக் காரணம் இருக்கிறது.

அறிகுறி: ஆக்சிலேட்டர் கொடுத்ததும் முன்பக்கம் தும்முகிறது

ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் 'டப்' என்று கேட்பது. காற்று கூடிய கலவை மெதுவாக எரிந்து, இன்டேக் வால்வு அடுத்து திறக்கும்போதும் உள்ளே நெருப்பு மிச்சமிருக்கிறது. கார்ப்பரேட்டர் வண்டியில் இதற்கு மலை ஒரு நல்ல சோதனைச்சாலை. மேலே ஏற ஏறக் காற்று குறைவதால் கார்ப்பரேட்டர் தானாகவே பெட்ரோல் கூடிய கலவைக்குப் போகும், ஊட்டி உயரத்தில் ஏறத்தாழ பத்துச் சதவீதம். பெட்ரோல் கூட வேண்டிய இடத்திலேயே காற்று கூடிய அறிகுறி காட்டினால் ஜெட் (பெட்ரோல் வரும் சின்னத் துளை) அளவு காரணமாக இருக்க முடியாது. ஐட்லிங்குக்குப் பெட்ரோல் தரும் பைலட் ஜெட்டில் அடைப்பு, மேனிஃபோல்ட் வெடிப்பு, டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைப்பு, இறுகிய இன்டேக் டேப்பெட், இந்த நான்கில் ஒன்று. பைலட் ஜெட்டைக் கம்பியால் குத்தாமல் கிளீனரும் காற்றும் அடித்துத் திறக்கவும். துளை கொஞ்சம் பெரிதானாலும் அளவு போய்விடும். இன்ஜெக்ஷன் வண்டியில் இதே தும்மலுக்குப் பெட்ரோல் ஃபில்டர் அடைப்பும் சோர்ந்த பம்ப்பும் காரணமாகலாம்.

பனிமூட்டக் காலையில், கிட்டத்தட்ட 5 முதல் 12 டிகிரி குளிரில், கார்ப்பரேட்டர் வண்டி நன்றாகக் கிளம்பிப் பத்து நிமிடத்தில் தும்மி நின்று, ஐந்து நிமிடம் கழித்து ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆனால் கார்ப்பரேட்டருக்குள் பனி கட்டியிருக்கிறது. பெட்ரோல் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்வதால் ஈரக்காற்று த்ராட்டில் ஓரத்தில் உறைகிறது. நின்றதும் எஞ்சின் சூடு ஏறி உருக்கிவிடும். எதையும் கழற்ற வேண்டாம். எஞ்சினை நன்றாகச் சூடாக்கிக் கிளம்பினாலே போதும்.

அறிகுறி: ஏற்றத்தில் இரண்டு பக்கமும் கரும்புகை, மந்தம், கனத்த வெடி

இரண்டு பக்கமும் என்பதால் பொதுக்காரணம். ஏர் ஃபில்டர், பாதி திறந்து சிக்கிய சோக், பெட்ரோல் கூடிய கலவை. இன்ஜெக்ஷன் வண்டியில் எஞ்சின் வெப்ப சென்சார் கெட்டால் கன்ட்ரோல் யூனிட் எஞ்சின் குளிர்ந்திருப்பதாக நினைத்துப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். சில வண்டிகள் சாவி போடும்போதுதான் வெளிக்காற்றழுத்தத்தைப் படிக்கின்றன. ஒரே மூச்சில் ஏறி வந்தால் குன்னூரில் ஒருமுறை சாவியை அணைத்துப் பத்து விநாடி கழித்துப் போடுங்கள்.

கார்ப்பரேட்டர் வண்டியில் இரண்டு நாள் ஊட்டிப் பயணத்துக்காக மெயின் ஜெட்டைச் சின்னதாக மாற்ற வேண்டாம். கொஞ்சம் மந்தம் என்பதோடு சகித்துக்கொள்ளலாம். மேலேயே குடியிருப்பவர்கள் ஓர் அளவு குறைத்துப் போட்டுக்கொள்வது சரி. ஆனால் அதே ஜெட்டோடு கோயம்புத்தூர் இறங்கி நெடுஞ்சாலையில் விரட்டினால் காற்று கூடிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். எத்தனால் கலந்த பெட்ரோலும் பழைய கார்ப்பரேட்டர் வண்டியைக் காற்றுப் பக்கமாகவே தள்ளுகிறது, இரண்டும் சேர்ந்தால் ஆபத்து கூடும். மழைக்காலத்தில் டேங்க்கின் அடியிலிருந்து கொஞ்சம் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். கீழே தனி அடுக்காக நின்றால் தண்ணீர்.

அறிகுறி: வெடி இல்லை, இரண்டு பக்கமும் சமம், ஆனால் எஞ்சின் மொத்தமும் கொதிக்கிறது

மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகளை முதல், இரண்டாவது கியரில், பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்து ஏறினால் எந்த எஞ்சினும் சூடாகும். ஆயில் அளவு, ஆயில் கூலரின் இடுக்குகளில் அடைந்த சேறும் பூச்சியும், கிளட்ச் நழுவல், உரசிக்கொண்டே இருக்கும் பிரேக், இந்த நான்கையும் பாருங்கள். கூலன்ட் வண்டியில் ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் சோர்ந்திருந்தால் சமவெளியில் தெரியாது. ஊட்டியில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி அழுத்தம் பிடிக்காவிட்டால் கூலன்ட்டும் சீக்கிரமே கொதித்து ரிசர்வ் டேங்க்கில் பொங்கும். சூட்டில் மூடியைத் திறக்கவே கூடாது.

சரி செய்த பிறகு

ஐட்லிங்கில் நன்றாக ஓடுவது போதாது. பர்லியாறிலிருந்து குன்னூர் வரை மூன்றாவது கியரில் சுமையோடு ஏற்றி, மேலே பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஐட்லிங் ஓடவிடாமல் உடனே அணையுங்கள். பொட்டு வைத்த இடத்தில் இரண்டு பைப்பையும் அளங்கள். ஆறிய பிறகு பிளக்கைக் கழற்றினால் இரண்டும் ஒரே வெளிர்பழுப்பாக இருக்க வேண்டும். இடது எத்தனை டிகிரி, வலது எத்தனை டிகிரி, எந்த இடம், எந்தத் தேதி என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி, வண்டியின் இருக்கைக்கு அடியில் டூல் பையில் போட்டு வையுங்கள். அடுத்த முறை அளக்கும்போது ஒப்பிட அந்த எண்கள் வேண்டியிருக்கும்.